தெருவை அறிந்தவர் வரையும் படம்



ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு முகவரி கூறுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ரயில் நிலையத்திலிருந்து பெருஞ்சாலை வரையில் வழி சொல்லுவது எளிது. அதற்கப்பால்தான் தொல்லை தொடங்கும். "ஓர் அரசமரம் வரும், அதன் இடப்பக்கம் தையற்கடை, கடையை ஒட்டி ஒரு சந்து, சந்தில் மூன்றாவது திருப்பம்" என்று தொலைபேசியில் விளக்குவோம். கைபேசியில் தெரியும் வரைபடமோ பெருஞ்சாலையின் ஓரத்தோடு நின்றுவிடும். உறவினர் எப்படியும் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார். ஆனால் நள்ளிரவில் வரும் ஆம்புலன்ஸ் வண்டிக்கு விசாரிக்க ஆள் கிடைக்காது. படத்தில் இல்லாத சந்து அவ்வேளையில் உலகத்திலேயே இல்லாத சந்து ஆகிவிடுகிறது.

இக்குறையைப் போக்க, கூலியும் கட்டளையும் இன்றித் தாமே முன்வந்து, தம் தெருக்களை நடந்து படமாக்கும் மக்களைப் பற்றி இன்று பேசுவோம்.

நில அளவை என்பது நெடுங்காலம் அரசாங்கத்தின் காரியமாகவே இருந்துவந்தது. இந்திய சர்வே இலாகா 1767ஆம் ஆண்டில் தோன்றியது. இந்நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும்பணி நம் சென்னையிலேதான் தொடங்கிற்று. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, பறங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் என்னும் இராணுவ அதிகாரி எஃகுச் சங்கிலியை நிலத்தில் கிடத்தி முதல் கோட்டை அளக்கலானார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள கோடு அது. அவர் கொண்டுசென்ற கோணமானியின் எடை அரை டன். 1808ஆம் ஆண்டில் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் மனம் தளராமல் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். இன்று நம் சட்டைப்பையிற் கிடக்கும் கைபேசி, நுட்பத்தில் அக்கருவிக்கு ஈடாகாது. ஆயினும் அதை ஏற்ற கோபுரம் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

ஜி.பி.எஸ். என்று வழங்கும் ஏற்பாட்டை அமெரிக்கா தன் இராணுவத்திற்காகவே அமைத்தது. அதன் செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஒவ்வொரு கோளும் ஓயாமல் அறிவித்த வண்ணம் இருக்கிறது. அவ்வறிவிப்பு நம் கையிலுள்ள கருவியை வந்தடைய ஆகும் நேரத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் நாம் நிற்கும் இடம் புலப்படும். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கடிகாரத்தின் அருமை இதனால் விளங்கும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரையில், பொதுமக்களுக்குக் கிடைத்த அறிவிப்பில் அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அப்பிழை 100 மீட்டர் வரை இருக்கக்கூடும். அவ்வளவு விலகினால் பேட்டையை வரையலாமேயன்றித் தெருவை வரைய இயலாது. அத்தடை நீங்கிய பின்னரே சாதாரண மனிதர் தம் காலால் படம் வரைவது சாத்தியமாயிற்று.

2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் முயற்சியைத் தொடங்கினார். அந்நாட்டு அரசாங்க நில அளவைப் படங்களை எடுத்தாள அன்று விலையும் உண்டு, நிபந்தனைகளும் உண்டு. நம் தெருவின் வடிவத்தை நாமே விலை கொடுத்து வாங்குவதா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே இம்முயற்சி. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் சுமார் 40 பேர் ஒயிட் தீவில் கூடி, ஒரு வார இறுதியில் அத்தீவின் சாலைகளையும் பாதைகளையும் நடந்தும் மிதிவண்டியிலும் பதிவு செய்தார்கள். இன்று இத்திட்டத்திற் பெயர் பதிந்தோர் தொகை ஒரு கோடிக்கு மேல். பெயர் பதிந்தவர் அனைவரும் வரைபவர் அல்லர். நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்காது!

ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு காரியம் நம்மவரின் சிந்தனைக்கு மிகவும் உரியது. கென்யாவின் தலைநகரான நைரோபியில் கிபேரா என்னும் பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியாற்றிய நூபிய வீரர்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியமர்த்தப்பட்டனர். தம் மொழியில் காடு என்று பொருள்படும் சொல்லால் அவ்விடத்தை அழைத்தார்கள், அதுவே ஊர்ப்பெயராயிற்று. வந்தேறியவர் இட்ட பெயர் அது. லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தும், படங்களில் அப்பகுதி வெற்றிடமாகவே காணப்பட்டது. 2009ஆம் ஆண்டில் கிபேராவின் இளைஞர்களே கையடக்கமான ஜி.பி.எஸ். கருவிகளை எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, கழிப்பிடம் எங்கே, மருந்தகம் எங்கே என்றெல்லாம் குறித்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் இவற்றைக் குறித்திருக்க மாட்டாரா என்று கேட்கலாம். குறித்திருப்பார். ஆனால் எந்தக் குழாயில் எப்பொழுது தண்ணீர் வரும் என்பதை அவர் அறியமாட்டார்.

தொலைவிலிருந்தும் இப்பணிக்கு உதவ வழி உண்டு. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி ஹெய்ட்டி நாட்டில் பூகம்பம் நேர்ந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்த தொண்டர்கள் விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து அத்தலைநகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய நாட்களை நாம் மறக்க இயலாது. பெற்றோரை அங்கே வைத்துவிட்டு இங்கே தொலைபேசியைப் பற்றிக்கொண்டிருந்தவர் நம்மில் எத்தனை பேர்! அப்போது எந்தெந்தத் தெருவில் நீர் புகுந்துள்ளது என்பதைப் பொதுமக்களே குறிக்கும் படம் ஒன்று, இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மீது அமைக்கப்பட்டது. தெரு ஏற்கெனவே படத்தில் இருந்தமையால்தான் அதன்மேல் வெள்ளத்தைக் குறிக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிற்க. விண்ணிலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். தகரக் கூரைக்கடியில் ஓடும் சந்தைக் காட்டாது. படிக்கட்டையும் காட்டாது, பெயரையும் சொல்லாது. ஆகவே இறுதியில் கால்தான் போக வேண்டியிருக்கிறது. தாராவி போன்ற இடங்களை அறிந்தவர்கள் அங்குள்ள இடைவழிகளின் அகலத்தையும் அறிவர். அத்தகைய சந்துகளில் செயற்கைக் கோளின் அறிவிப்பு சுவருக்குச் சுவர் மோதித் தாமதித்து வரும். கருவி நம்மை அடுத்த வீட்டு அடுக்களைக்குள் நிற்பதாகக் காட்டும். அதே வழியில் இரண்டு மூன்று தடவை நடந்து, கிடைத்த கோடுகளை ஒப்பிட்டு, நடுவான தடத்தைக் கொள்வதே வழக்கம். திருப்பங்களை எண்ணிக் காகிதத்தில் எழுதிக்கொள்வது அதனினும் நலம்.

தில்லியில் எங்கள் அரசாங்கக் குடியிருப்புக்கு அடுத்தாற்போல, நகரம் விழுங்கிவிட்ட பழைய கிராமம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் அங்கே இவ்வாறு நடப்பதுண்டு. முதல் நாளே மளிகைக் கடைக்காரர் வழிமறித்தார். "யார் சொல்லி அளக்கிறீர்கள்? அளந்துகொண்டு போய்ப் பிறகு இடிக்க வருவார்களா?" என்றார். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது தகாது. அளவைக் கோலுக்குப் பின்னால் புல்டோசர் வந்த கதைகளை இந்நகரின் ஏழைகள் அறிவார்கள். வீட்டில் யார் வாழ்கிறார், பட்டா உண்டா என்பனவற்றை நாங்கள் குறிப்பதில்லை, வழியை மட்டுமே குறிக்கிறோம் என்று விளக்கிக் கைபேசியைக் காட்டினோம். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "இந்தச் சந்து இங்கே முடிவதில்லை, பின்பக்கம் மாட்டுத்தொழுவம் வழியாக வெளியே போகலாம்" என்று திருத்தினார். வேறொரு சந்தில் வேண்டவே வேண்டாம் என்றார்கள். விட்டுவிட்டோம். அது இன்னமும் படத்தில் இல்லை. படத்தில் இருப்பதன் பயனை எடுத்துச் சொல்லலாம். அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாக வரைய, அவ்வழியே போய்வரும் எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெயர் விஷயத்தில் இதைவிட நுட்பமான சிக்கல் உண்டு. தெருவில் வாழ்வோர் ஒரு பெயர் சொல்லுகிறார்கள். பலகையில் ஓர் எண் இருக்கிறது. முதியவர்கள் தூர்ந்துபோன கிணற்றின் பெயரால் அழைக்கிறார்கள். இத்திட்டத்தின் விதி யாதெனில், அவ்விடத்தில் வழங்கும் பெயரே பெயர். மாற்றுப் பெயருக்கும் பழைய பெயருக்கும் தனித்தனி இடம் உண்டு. தமிழ் முதலிய மொழிகளில் வழங்கும் பெயருக்கும் தனி இடம் உண்டு. கோப்புகளை மொழிபெயர்த்தே பிழைக்கும் எங்களைப் போன்றோருக்குக் கண்ட பெயரையெல்லாம் பெயர்த்துவிடக் கை துறுதுறுக்கும். சாந்தினி சௌக்கை நிலாச் சதுக்கம் என்றால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்பெயரில் ஓரிடம் தில்லியில் இல்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் எப்படி வழங்குகிறதோ அப்படியே தமிழெழுத்தில் எழுதுவதுதான் முறை. அதே சமயம் நாம் கூச்சப்படவும் வேண்டியதில்லை. இராமகிருஷ்ணபுரத்தில் உள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலை ஆட்டோ ஓட்டுபவர் எல்லாரும் மலை மந்திர் என்றே அறிவர். பாதி தமிழ், பாதி இந்தி. நம்மவர் வந்து வாழ்ந்ததால் இந்நகரம் ஏற்றுக்கொண்ட பெயர். படத்தில் அதுவும் நியாயமாக இடம்பெறுகிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மத்திய அரசின் விஞ்ஞான, தொழில்நுட்ப இலாகா வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்தியர்கள் படம் தயாரிக்க முன்னனுமதி பெறத் தேவையில்லை. இராணுவ இடங்களை விட்டுவிலகி நடப்பது நன்று. பிற படங்களைப் பார்த்து நகலெடுப்பது இத்திட்டத்தில் அறவே கூடாது. அவற்றுக்கு உரிமையாளர் உண்டு.

கருவியைக் கண்டு மலைப்போருக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்னும் செயலி இருக்கிறது. தெருவில் நிற்கும்போது, "இங்கே விளக்கு உண்டா? படிகள் எத்தனை? தரை மண்ணா, கல்லா?" என்று அது கேட்கும், நாம் விடை சொன்னால் போதும். ஓய்வு பெற்று மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் காலை நடையோடு இதைச் செய்யலாம்.

தொடங்குவோர் முதலில் குடியிருப்புகளின் இரும்பு வாயில்களைக் கவனித்தல் நலம். தில்லியிலும் பிற நகரங்களிலும் பல குடியிருப்புகள் இரவில் ஒரு வாயிலை மட்டும் திறந்து வைத்து, ஏனையவற்றைப் பூட்டிவிடுகின்றன. படம் பார்த்து வரும் வண்டி, பூட்டிய வாயிலின் முன் வந்து நின்று, திரும்பிச் சுற்றிக்கொண்டு போகிறது. எந்த வாயில், எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, சாவி எந்தக் காவலாளியிடம் இருக்கிறது என்பவற்றைக் காவலாளியிடமே கேட்டறியலாம். முதல் இரண்டையும் குறிக்கப் படத்தில் இடம் உண்டு. சாவியைப் பற்றிய செய்தியை வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டியதுதான்.