விழாவுக்கு ஒரு மொழி, கடிதத்துக்கு ஒரு மொழியா?

(வவுனியாவில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரதேசங்கள் தோறும் அரச ஆதரவிலே கலாசார விழாக்கள் நடைபெறுகின்றன. கூத்து ஆடப்படுகிறது, முதிய கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அரச சாகித்திய விழாவிலே சிங்கள, தமிழ், ஆங்கில நூல்களுக்குப் பரிசு வழங்கப்படுகிறது. இவற்றை நாம் வெறுக்கவில்லை; வரவேற்கிறோம். ஆனால், விழா முடிந்த மறுநாள் நடப்பது என்ன?

சட்டத்தரணி என்ற முறையிலே என்னிடம் வரும் கமக்காரர் சிலர், தமக்கு விளங்காத சிங்களக் கடிதத்தைக் கையிலே கொண்டு வருகின்றனர். காணியை விட்டு வெளியேறச் சொல்கிறதா, காரணம் காட்டக் கேட்கிறதா என்பதை அவர்கள் அறியார். பதிலளிக்க வேண்டிய தவணை கடந்த பின்னரே பொருள் தெரிகிறது!

சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய சட்டம் 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். கலாசார அலுவல்களுக்கென அமைச்சு ஏற்பட்டதும் அதே ஆண்டிலேதான். பண்பாட்டை வளர்க்கும் அரசே மொழியுரிமையைப் பறிக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் பதினாறாவது திருத்தம், வடக்குக் கிழக்கு மாகாணங்களிலே தமிழ் நிருவாக மொழியாதல் வேண்டும் என விதித்தது. வவுனியா தெற்கிலே வாழும் சிங்களக் கமக்காரர் தம் மொழியிலே கடிதம் பெறும் உரிமையையும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை காக்கிறது. அது நியாயமே. அவருக்குள்ள நியாயம் நமக்கும் உண்டு.

விழா அரசு தரும் கொடை. கொடுப்பவர் நிறுத்தவும் கூடும். விளங்கும் மொழியிலே கடிதம் பெறுவதோ சட்டம் தந்த உரிமை. கொடையை வாங்கிக்கொண்டு உரிமையைக் கைவிடலாகாது.

ஆகவே, விளங்காத கடிதம் வந்தால் வாளாவிருக்காதீர்கள். தவணைக்குள்ளேயே தமிழ்ப் பிரதி கோரித் தமிழிலே எழுதுங்கள்; எழுதியதன் பிரதியைப் பேணி வையுங்கள். மறுத்தால், 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். ஆசிரியர்களே, உத்தியோகத்தர்களே, அயலிலுள்ள கமக்காரருக்கு அந்த மனுவை எழுதிக் கொடுப்பது உங்கள் கடமை. மேடையிலே தமிழை வாழ்த்திப் பேசுவதிலும் அதுவே பெரிய தமிழ்த் தொண்டு.