ஆப்பிரிக்கப் பழங்கல்வியும் புதிய கருவிகளும்

(கல்வி பற்றிய கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறப்பது ஒரு நூலகம் எரிவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை, மாலி நாட்டு அறிஞர் அமடூ ஹம்பட்டே பா 1960ஆம் ஆண்டில் யுனெஸ்கோவில் எடுத்துரைத்தார். அம்முதியவரின் சொற்களைக் கணினியில் பதிவு செய்துவிட்டால் நூலகம் பிழைத்துவிடுமா? இக்கேள்வியையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

கலகாரிப் பாலைநிலத்துச் சான் மக்களின் தடங்காணும் கலையை எடுத்துக்கொள்வோம். மணலில் பதிந்த குளம்படி, ஒடிந்த புல், விலங்கின் எச்சம் ஆகியவற்றைக் கொண்டு எந்த விலங்கு, எப்பொழுது, எத்திசையில் சென்றது என்று அவர்கள் கணிப்பர். இதற்குப் பாடநூல் இல்லை. தேர்ந்தவர்களுடன் பல ஆண்டுகள் நடந்தே இளைஞர்கள் இதனைக் கற்றனர். வேட்டை வாழ்வு சுருங்கியபோது இக்கல்வியும் நலிந்தது.

தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பர்க் 1990களில் ‘சைபர்டிராக்கர்’ என்னும் கையடக்கக் கணினி முறையை உருவாக்கினார். அதன் திரையில் எழுத்துக்கு மாற்றாகப் படங்கள் இருந்தன. விலங்கையும் அதன் செயலையும் குறிக்கும் படங்களைத் தொட்டால் போதும். இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கருவியே குறித்துக்கொள்ளும். காரூ தேசியப் பூங்காவில் எழுதப் படிக்கத் தெரியாத தடங்காண்போர் இருவர் இதனைக் கொண்டு கருப்புக் காண்டாமிருகங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவ்விருவரின் பெயர்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றன. விவரம் தருபவர்களாக மட்டும் கருதப்படக்கூடியவர்கள் அறிவியலாளர்களுக்குச் சமமாக அமர்ந்தனர் என்பதே இதில் நாம் கருதவேண்டியது.

எனினும், கருவி தடத்தைக் காண்பதில்லை, மனிதனே காண்கிறான். ஆகவே, 1994 முதல் தடங்காண்போரின் திறனை மதிப்பிடும் தேர்வுகளும் நடத்தப்பட்டு வருகின்றன. அவை வகுப்பறையில் அன்றி வனத்திலேயே நடைபெறுகின்றன. தேர்வாளர் ஒரு தடத்தைக் காட்டி வினவுவார். விடை பிழையானால் அவ்விடத்திலேயே விளக்குவார். இங்குத் தேர்வே பாடமாகிறது. பழைய முறை புதுவடிவில் தொடர்கிறது.

கருவிகளுக்கு நிதி ஒதுக்குவது எளிது. இளைஞன் முதியவருடன் நடப்பதற்கான காலத்தையும், அம்முதியவருக்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் ஒதுக்குவதே அரிது. அவ்விரண்டும் இல்லையெனில், நாம் சேமித்து வைப்பது கல்வியன்று. அதன் நிழலே ஆகும். பதிவு, முதியவருக்கு மாற்றாக அமையாமல், இளைஞனை அவரிடம் அழைத்துச் செல்லும் வழியாக அமைதல் வேண்டும்.