சனிக்கிழமைக் கூலி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பாலம், அணைக்கட்டு என்று பெரிதாக ஏதாவது பேசச் சொன்னார் நம் சங்கச் செயலாளர். ஆனால் 2009-ல் இங்கே சிவில் முடித்துப் போனதிலிருந்து கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி வேறு: "பழைய வீட்டைக் கொஞ்சம் இடிச்சு மாத்தணும், நம்பிக்கையான கான்ட்ராக்டர் யாராச்சும் இருக்காங்களா?" அதற்கே இன்று பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

புது வீடு கட்டுவதைவிடப் பழைய வீட்டில் கை வைப்பது கஷ்டம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உளி பட்ட பிறகுதான் தெரியும். ஆகவே, வாசலில் நின்றபடியே "சதுர அடிக்கு இவ்வளவு" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கும்பகோணத்தில் எங்கள் வீடு 1979-ல் கட்டியது. தூண் கிடையாது, தளத்தின் பாரத்தை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தாங்குகிறது. 2023-ல் அப்பா பக்கவாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, இரண்டரை அடிக் குளியலறைக் கதவு அவருக்குக் கோட்டை மதில் ஆகிவிட்டது. கதவை அகலப்படுத்த வேண்டும், படியை எடுக்க வேண்டும், தரையைப் புதிதாகப் போட வேண்டும். பணமோ அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்தது. மூன்று பேரைக் கூப்பிட்டோம்.

முதலாமவர் எதைக் கேட்டாலும் "செஞ்சிடலாம் சார்" என்றார். ஹால் சுவரையே எடுத்துவிடலாமா என்று அம்மா விளையாட்டாகக் கேட்டதற்கும் அதே பதில்! இரண்டாமவர் ரேட் குறைவு, ஆனால் பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். மூன்றாமவர் ஐம்பது வயது மேஸ்திரி. அவர் ரேட்டே சொல்லவில்லை. மாடிக்குப் போய், அந்தக் கதவுக்கு நேர் மேலே சுவர் வருகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "தம்பி, முட்டு குடுக்காம இதத் தொடக்கூடாது. பழைய லிண்டல் பத்தாது. புதுசா ரெண்டு தரையிலயே வார்த்துக்குவோம். சுவர்ல பாதி கனம் வெட்டி ஒண்ணச் செருகி, அது இறுகினப்புறம் மறுபாதி" என்றார். கல்லூரி வாசலை மிதிக்காதவர் அவர்!

பேச்சை மட்டும் நம்பிவிட முடியுமா? போன மாதம் முடித்த வேலை எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வேலை ஒன்றைக் காட்டச் சொன்னேன். விலாசம் கொடுத்தார். போய்ப் பார்த்தேன், குளியலறையின் வெளிச்சுவரில் ஓதம் இல்லை. அந்த வீட்டு அம்மா சொன்னார்: "குழாய் ஒழுகுதுன்னோம், மறுநாளே வந்தாரு. காசு வாங்கல."

பிறகு அவர் வேலை நடந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு கொத்தனாரையும் சித்தாளையும் பிடித்து ஒரே கேள்வி கேட்டேன்: "சனிக்கிழமை கூலி சரியா வந்துடுதா?" என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. சனிக்கிழமை கை விரிப்பவருக்குத் திங்கட்கிழமை ஆள் வராது. இடித்துப் போட்ட வீட்டோடு நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். பாதியில் ஓடுகிற கான்ட்ராக்டர்களில் பலர் பிறவித் திருடர்கள் அல்ல. உங்கள் அட்வான்ஸை எடுத்து இன்னொரு வீட்டுக் கடனை அடைத்தவர்கள். ஹார்டுவேர் கடையிலும் விசாரித்தேன், பெரிய பாக்கி இல்லை.

பொதுப்பணித் துறையில் இருக்கும் நண்பர்களுக்கு எம்.புக் தெரியும். வேலையை அளந்து அதில் எழுதிய பிறகுதான் பில். எழுதியதை அழிக்கக்கூடாது, தவறென்றால் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு அந்த வேலையைச் செய்தது. ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ரேட், சிமெண்ட் பிராண்டு எல்லாம் எழுதினோம். ரப்பீஸ் அள்ளுவது யார் பொறுப்பு என்பதைக்கூட விடவில்லை. பாதிச் சண்டை அதில்தான் வருகிறது. கூடுதல் வேலை என்றால் தொடங்கும் முன்பே ரேட். வாரா வாரம், முடித்த அளவுக்குப் பணம். ஐந்து சதவீதம் மட்டும் மழை முடியும்வரை நிறுத்தி வைப்பு.

தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். லிண்டலை நனைப்பதில்தான் வாக்குவாதம். "ஏழு நாள் போதும் தம்பி" என்றார். நாங்கள் வாங்கியதோ பி.பி.சி. சிமெண்ட், ஐ.எஸ். 456 குறைந்தது 10 நாள் கேட்கிறது. அம்மா சாக்கைப் போர்த்தி 14 நாள் ஊற்றினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் "இது கோணல், அது மங்கல்" என்று கடைசித் தவணையை அமுக்கும் வீட்டுக்காரர்களால் நொடித்துப்போன மேஸ்திரிகளை எனக்குத் தெரியும். அதில் நம்மைப் போல் படித்தவர்களே அதிகமோ என்று ஒரு சந்தேகம். மாணவர்களே, உங்களில் சிலர் நாளைக்கு அந்த மேஸ்திரியின் இடத்தில் நிற்பீர்கள். நாம் சனிக்கிழமை காலையில் கொடுத்தால்தான் அவர் மாலையில் கொடுக்க முடியும்.

கார்த்திகை மழை விட்டதும் அவர் வந்து, வெளிச்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, மீதி ஐந்து சதவீதத்தை வாங்கிக்கொண்டு போனார். அப்பாவைக் குளியலறைக்குத் தூக்கிப்போக இப்போது ஆள் தேட வேண்டியதில்லை. அம்மாவே தள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்த மேஸ்திரியின் போன் நம்பர் வேண்டுவோர் டீ இடைவேளையில் என்னைப் பிடிக்கலாம். தை முடியும்வரை அவருக்குக் கை நிறைய வேலையாம்.