இரு நோயும் ஒரு வாயிலும்

1988 ஆம் ஆண்டிலே, தென்னாபிரிக்காவின் பொல்ஸ்மூர் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவை இருமல் வாட்டியது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று பரிசோதித்தபோது, நெஞ்சில் நீர் கோத்திருந்தமையும் அதற்குக் காசநோயே காரணம் என்பதும் தெரியவந்தன. நோய் காலத்தோடு அறியப்பட்டது, மருந்தும் முறையாகக் கொடுக்கப்பட்டது, அவர் குணமடைந்தார். 1994 இல் நாட்டின் சனாதிபதியானார். 2004 இல் பாங்கொக் நகரில் நடைபெற்ற சர்வதேச எயிட்ஸ் மாநாட்டில், காசநோயை எதிர்க்காது எயிட்ஸை எதிர்த்தல் இயலாது என்று அவர் வற்புறுத்தினார்.

இவ்விரு நோய்களுக்கும் உள்ள தொடர்பு யாது?

காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றின் வழியே நுரையீரலை அடைகின்றது. அடைந்த உடனே அது நோயை உண்டாக்குவதில்லை. உடலின் காவல் அணுக்கள் அதனைச் சூழ்ந்து மதில்போல் நின்று சிறைப்படுத்திவிடுகின்றன. கிருமி குடிகொண்ட நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேரே தம் வாழ்நாளில் நோயாளர் ஆவர். எச்.ஐ.வி. கிருமியோ அக்காவல் அணுக்களையே அழிப்பது. மதில் சரிகின்றது, சிறைப்பட்டிருந்த பகை வெளிப்படுகின்றது. எச்.ஐ.வி.க்கு மருந்து உண்ணாதவரிடையே, வாழ்நாள் முழுவதற்கும் உரிய அபாயம் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள்ளேயே நேர்ந்துவிடக்கூடும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் மரணத்துக்கு உலகெங்கும் முதற் காரணமாய் நிற்பது காசநோயே.

இதன் கொடுமையைத் தென்னாபிரிக்காவின் குவாசுலு நட்டால் மாகாணத்துத் துகேலா பெரி என்னும் சிற்றூர் காட்டிற்று. பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் அங்கே 53 பேரிடம் காணப்பட்டதாக 2006 இல் அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 52 பேர் இறந்தனர். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பெற்ற 44 பேரும் அக்கிருமி உடையவராகவே இருந்தனர். சளி எடுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டே வாரமளவில் பலர் மாண்டனர். ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னர் காசநோய்க்கு மருந்து உண்டவரே அல்லர். அடங்காத அந்தக் கிருமி பிறரிடமிருந்து நேரே அவர்களைப் பற்றியது என்பதே இதன் பொருள். சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருதலும், இருமுவோரை வேறாக இருத்துதலும் மருந்துக்கு நிகரான காப்பு என்பதை வைத்தியசாலைகள் அன்று உணர்ந்தன.

எச்.ஐ.வி. உடையவரிடம் காசநோயைக் கண்டுபிடித்தலும் எளிதன்று. சளியிலே கிருமி குறைவாக இருக்கலாம். எக்ஸ்ரே படம் தெளிவாகக் காட்டாதிருக்கலாம். நோய் நுரையீரலை விட்டு வேறு உறுப்புகளிலும் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஒரு பரிசோதனையில் கிருமி தென்படவில்லை என்று ஆறுதல் கொள்ளலாகாது. இருமல் உண்டா? காய்ச்சல் உண்டா? இரவில் வியர்வை உண்டா? உடல் மெலிகின்றதா? எச்.ஐ.வி. உடையவர் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு முறையும் இந்நான்கு வினாக்களும் கேட்கப்படல் வேண்டும். ஒன்றுக்கேனும் ஆம் என்ற விடை வரின் மேற்சோதனை அவசியம். ஒன்றுமில்லையெனின், நோய் வருமுன் காக்கும் மருந்து கொடுக்கத் தகுமா என்று வைத்தியர் ஆராய்வார்.

அம்மருந்துகளுள் ஐசோனியசிட் என்பது 1952 முதல் காசநோய்க்குப் பயன்பட்டு வருவது. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் எச்.ஐ.வி. உடைய 2056 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. எச்.ஐ.வி. மருந்தை முன்கூட்டியே தொடங்குதலும், ஐசோனியசிட்டை ஆறு மாதம் உண்ணுதலும் தனித்தனியே கடும் நோயைக் குறைத்தன என்று அது காட்டிற்று.

மருந்து உண்டு, அதைப் பெறும் வழியில் நாணமும் அச்சமும் நிற்கின்றன. ஒரு நோய்க்கு ஓரிடமும் மற்றதற்கு வேறோரிடமும் எனப் பிரித்து வைத்தால், நலிந்தவர் இரண்டுக்கும் இடையே வீழ்ந்துபோவர். காசநோய்க்கு வந்தவருக்கு எச்.ஐ.வி. சோதனையும், எச்.ஐ.வி.க்கு வந்தவருக்குக் காசநோய் விசாரணையும் ஒரே வாயிலிற் கிடைத்தல் வேண்டும்.

2005 ஜனவரியில் மண்டேலாவின் மகன் மக்காதோ இறந்தார். தந்தை அன்றே, தம் மகன் எயிட்ஸ் நோயால் இறந்தார் என்று உலகறியச் சொன்னார். மூடி வைப்பதால் நோய்க்கே பலம் என்பதை அறிந்தவர் அவர். காலத்தோடு அறியப்பட்ட காசநோய் அவரை விட்டு நீங்கியதன்றோ!