கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்கைத் தாங்கும்?

(பெங்களூரு பிரேசர் டவுன் மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)

 

நம் வகுப்பில் கார் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒர்க்ஷாப்பில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் வீட்டை நடத்தும் அக்காமார்களும் இருக்கிறார்கள். கியர்பாக்ஸ் உடைந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வருமானம் நிற்கும்.

போன வாரம் ஓர் அண்ணன் கேட்டார்: "வண்டியில் பெரிய எஞ்சின் வைத்தால் பழைய கியர்பாக்ஸ் தாங்குமா?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் ஓர் எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை நாம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த எண்ணின் பெயர் முறுக்கு விசை. மெக்கானிக்குகள் 'டார்க்' என்பார்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகுகிறோம் அல்லவா? அந்தத் திருகும் பலம்தான் இது. இதை 'நியூட்டன் மீட்டர்' என்ற அளவில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் போதும். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் எத்தனை கிலோ தொங்குகிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

1983-ல் வந்த மாருதி 800 காரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் எஞ்சின் தரும் முறுக்கு விசை சுமார் 59. அதாவது 6 கிலோ. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பொறுங்கள்.

கியர்பாக்ஸில் ஒரு மீட்டர் ஸ்பேனர் இல்லை. சின்னச் சின்னப் பல்சக்கரங்கள்தான் இருக்கின்றன. ஒரு சக்கரத்தின் நடுவிலிருந்து பல் வரை 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் என்பது 100 சென்டிமீட்டர். தூரம் 50 மடங்கு குறைகிறது. அதனால் சுமை 50 மடங்கு கூடுகிறது. 6 கிலோ 300 கிலோ ஆகிவிடுகிறது! விரல் அகலமுள்ள பற்கள் அதைத் தாங்க வேண்டும்.

இப்போது இன்னொரு வண்டியைப் பாருங்கள். மாருதி ஸ்விப்ட் 2005-ல் பெட்ரோலில் வந்தது. முறுக்கு விசை சுமார் 113. 2007-ல் டீசலில் வந்தது. அதற்கு 190. வெளியே பார்த்தால் ஒரே கார். உள்ளே 11 கிலோ 19 கிலோ ஆகிவிட்டது. நம் 2 சென்டிமீட்டர் கணக்கில் பல்லின் மேல் 950 கிலோ!

சுமை கூடினால் என்ன ஆகும்? பற்களின் முகத்தில் குழி விழும். தண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். பேரிங் தேயும். எண்ணெய் சூடேறும். உடனே உடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து, ஒரு நாள் பல் முறியும். ஆகவே பெரிய எஞ்சினுக்கு அகலமான பற்களும் தடித்த தண்டுகளும் வைத்துத்தான் கியர்பாக்ஸ் செய்கிறார்கள்.

அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். அதற்கு 1990-களின் தொடக்கத்தில் இசுசு 1800 சி.சி. எஞ்சின் வந்தது. பழைய நான்கு கியர் பெட்டியோடு அதைச் சேர்க்கவில்லை. ஐந்து கியர் கொண்ட புதுப் பெட்டியும் கூடவே வந்தது. காரைச் செய்தவர்களே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஜோடியாகத்தான் மாற்றினார்கள்.

கியர்பாக்ஸின் எல்லை எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஓப்பல் கார்களில் பெட்டியின் பெயரே அதைச் சொல்லிவிடும். எஃப் 13 என்றால் 130 நியூட்டன் மீட்டர். எஃப் 17 என்றால் 170. எம் 32 என்றால் 320. எல்லாக் கம்பெனியும் இப்படிப் பெயர் வைப்பதில்லை. மற்ற வண்டிகளுக்குக் கம்பெனி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சர்வீஸ் நிலையத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஞ்சின் சின்னதாக இருந்தாலும் கியர்பாக்ஸ் உடையலாம். எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, கிளட்சைப் படாரென்று விட்டால் என்ன ஆகும்? பிளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் முழுவதும் ஒரே அடியாகப் பற்களில் விழும். அந்த அடி, எஞ்சினின் முறுக்கு விசையைவிடப் பெரியது. அப்போது கிளட்ச் சற்று வழுக்கிக் கொடுக்கும். வீட்டில் ஃபியூஸ் போவதுபோல அது கியர்பாக்ஸைக் காப்பாற்றுகிறது. வழுக்கவே வழுக்காத முரட்டுக் கிளட்சை மாட்டினால் அந்தக் காவல் போய்விடும்.

சட்டமும் இதில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் மாற்றவும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆகவே, யாராவது "மலிவாகப் பெரிய எஞ்சின் கிடைக்கிறது, மாற்றலாம்" என்றால், "எத்தனை சி.சி.?" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. அந்த எஞ்சினின் முறுக்கு விசை எவ்வளவு?
2. என் கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?
3. ஆர்.டி.ஓ. அனுமதி உண்டா?

முதல் எண் இரண்டாம் எண்ணைவிடப் பெரியதா? வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதி இல்லையா? அப்போதும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நோட்டை எடுங்கள். உங்கள் வண்டியின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது இரண்டு எண்களையும் விசாரித்து எழுதி வாருங்கள். கழித்துப் பார்ப்போம்.