திறப்பும் தோம்பும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இணுவில் என்றதும் எல்லோருக்கும் தவிலும் நாதஸ்வரமும் நினைவுக்கு வரும். சித்திரம் படிப்பிக்கும் நான் இன்று கோடுகளைப் பற்றிச் சிறிது பேசுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தது. அம்மா வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. திறப்பு மட்டும் எங்களிடம் இருந்தது.

போரைக் கீறுவதென்றால் குண்டும் நெருப்பும்தான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஓவியர் தா. சனாதனன். 1969 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், யாழ். பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர். 1981 இல் நூலகம் எரிந்தபோது அவர் பள்ளிச் சிறுவன். அதன்பின் அவர் வளர்ந்ததெல்லாம் போர்க்காலம்.

2011 இல் அவருடைய "த இன்கம்ப்ளீட் தோம்பு" நூல் வெளிவந்தது. இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித்தரக் கேட்டார். அவற்றோடு தம் ஓவியங்களையும் சேர்த்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் தோம்பில் காணியின் அளவு இருக்கும். இந்தத் தோம்பில் அதை இழந்தவரின் கைக்கோடு இருக்கிறது. கலவரத்துள் வளர்ந்த கலைஞர் தம் துயரை மட்டும் கீறாமல், மற்றவரிடமும் பென்சிலைக் கொடுத்தார். அந்தக் காலம் அவருக்குக் கற்பித்தது அதுவென்றே நான் நினைக்கிறேன்.

அதைப் பார்த்தபின் அம்மாவிடம் ஒரு தாள் கொடுத்தேன். முதலில் கிணற்றையும் துலாவையும் கீறினார். பிறகு சாமியறை, விறாந்தை. குசினி யன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் நினைவு வரவில்லை. அது அவருக்குச் சீதனமாக வந்த வீடு. இடம்பெயர்ந்த அன்று அழாதவர், அந்த யன்னலுக்காக அழுதார்.

சகோதரிகளே, ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்கள் தாய்மார் மறக்குமுன் அவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். நாங்கள் 1995 இல் விட்டுப்போன வீடுகளுக்குத் திரும்பினோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய வீடுகளும் எங்கள் தோம்பில் இருக்கவேண்டும்.

அம்மாவின் தாளில் அந்த யன்னலுக்கு இன்னும் இடம் விட்டிருக்கிறேன்.