ஸ்டார்ட் ஆகாத காரும் என் பி.எஸ்ஸி. பட்டமும்

ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். என் காரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாக்பூரில் 1998-ல் வாங்கிய மாருதி 800. பதினைந்து வருஷம் ஆனபின், ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். 2024 டிசம்பரில் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு என் சகதர்மிணிக்கு நெஞ்சுவலி. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பதற்றத்தில் 108 கூட நினைவுக்கு வரவில்லை. எதிர்வீட்டு மராத்திக்காரர் தன் வண்டியில் அழைத்துப் போனார். நல்லவேளை, வாயுக் கோளாறுதான்.

அன்றே புது பாட்டரி போட்டேன். பத்து நாளில் மறுபடியும் 'டிக்'. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட், பூரண சார்ஜ்! பிறகுதான் ஒயர் முனையிலிருந்த பழைய கிளிப்பைக் கவனித்தேன்; உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கையில், அங்கே 0.05 ஓம் தடை இருந்தாலே 5 வோல்ட் போய்விடும். ஓம் விதி! நான் பௌதிகப் பட்டதாரி. ஆயுத பூஜைதோறும் பானெட்டின்மேல் சந்தனம் குங்குமம் இட்டேனே தவிர, திறந்து பார்த்ததில்லை.

முதலில் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி. சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து இறுக்கி, மேலே வாஸலைன் தடவவேண்டும். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

பெங்களூரிலிருந்து பிள்ளை, "வித்துடுங்கோ அப்பா" என்கிறான். அவளோ தினம் படுக்கப்போகுமுன், "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு வாங்கோ" என்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.